மூன்றாவது வாதம்

ஜூன் 9

கத்தரிக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். கை வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ஹாஸ்டலில் போன் கூடாது, கடிதம் மட்டும்தான் என்று சித்தி என் அம்மாவிடம் சொன்னாளாம். அப்பாவும் சித்தப்பாவும்தான் பேசிக்கொள்வதில்லை. அம்மாக்கள் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜெராக்ஸ் கடை இப்போது அப்பாவிடம் மட்டும். சித்தப்பாவின் நாற்காலியில் பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார், வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது போல. மாடியில் உங்கள் வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது.

நீ வசதியாக மறந்திருப்பாய் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். மார்ச் மாதம், இருவர் அணி விவாதப் போட்டியின் இறுதிச் சுற்று. வருடம் முழுக்க நாம் நான்கு பெட்டித் தாள்களோடு சுமந்து திரிந்த அதே தலைப்பு: பழைய அணைகளை இடிக்க வேண்டுமா, வேண்டாமா. நாணயம் சுண்டியதில் நமக்கு விழுந்தது 'வேண்டாம்'. புத்தகப் பக்கத்தை நகலெடுத்து நீ செய்து கொடுத்த மேற்கோள் கார்டை நான் படித்தேன். ஒரு பொறியாளர் தன் புத்தகத்தில் எழுதியது: 'இந்த வகை அணைகள் முழுப் பாதுகாப்பானவை.' எதிரணிக்காரி அதே புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து அடுத்த வரியைப் படித்தாள்: 'ஆனால் ஆண்டுதோறும் பழுது பார்த்தால் மட்டுமே, நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட அப்படிப் பார்க்கப்படவில்லை.' நம் தாளில் அந்த வரி இல்லை. பொடி எழுத்தில்கூட இல்லை. ஒரு வரியைப் படிக்காமல் தாண்டலாம், ஆனால் அது தாளில் இருந்தே ஆக வேண்டும் என்பதுதானே நாம் ஒன்பதாம் வகுப்பில் முதல் நாள் படித்த விதி.

வாய் திறந்து படித்தவர்தான் பொறுப்பு என்றது விவாதச் சங்கம். எனக்கு ஒரு வருடத் தடை. உனக்கு ஒன்றுமில்லை. பள்ளி நோட்டீஸ் போர்டில் என் பெயர் தடைப்பட்டியலில் ஒட்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பொடிசுகள்கூட நின்று படித்துவிட்டுப் போகின்றன.

இப்போது சங்கச் செயலாளர் எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். கார்டைத் தயாரித்தவர் தன் கைப்பட ஒத்துக்கொண்டு எழுதினால் என் தடையை எடுத்துவிடுவார்களாம். ஆகஸ்ட் 31 கடைசி நாள். நவம்பர் போட்டிதான் பள்ளிக்கூட வாழ்க்கையில் எனக்குக் கடைசிப் போட்டி. எனவே:

1. அந்தப் புத்தகம் இரண்டு வாரம் உன் பையில் இருந்தது. கார்டின் அடியில் உன் குறி இருக்கிறது.
2. நான் படித்தது தாளில் இருந்ததை மட்டும்.
3. அச்சான வரி தானாக உதிர்ந்து விழாது. அதை ஒரு கை எடுத்திருக்கிறது. அந்தக் கை என்னுடையது இல்லை.
4. இதனால்தான் அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தார்கள். பழி எங்கள் தலையில்.

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. அதற்குமேல் உன்னிடம் எனக்கு எதுவும் வேண்டாம்.

எக்ஸ்பிரஸ்

—

ஜூன் 24

எக்ஸ்பிரஸுக்கு,

இங்கே கடிதங்களை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். "யாரும்மா இது, கோர்ட் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கு?" என்றார். என் பெரியப்பா மகள் என்றேன். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

உன் கடிதத்திலும் அதே ஓட்டம்தான். நகல் பக்கங்களை வெட்டிக் கார்டு செய்வதால் எனக்குக் கத்தரி, மூச்சு விடாமல் நிமிடத்துக்கு முந்நூறு வார்த்தை படிப்பதால் உனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். நின்று யோசிக்கும் பழக்கம் இல்லாததாலும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலாவது: புத்தகம் என் பையில் இருந்தது உண்மை. ஆனால் நூலக அட்டையில் இருப்பது உன் கையெழுத்து. என் அட்டையில் ஏற்கெனவே மூன்று புத்தகம் இருந்ததால் உன் பெயரில் எடுத்தோம். மறந்துவிட்டாயா?

இரண்டாவது: தாளில் இருந்ததை மட்டும் படித்தேன் என்கிறாய். மூன்று வருடம் எனக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்? "நான் படிக்காத புத்தகத்த மேடையில தூக்க மாட்டேன்" என்று வாய் கிழியச் சொன்னது யார்? விதி உன்னைப் பொறுப்பாக்கியது என்றால் விதியோடு சண்டை போடு.

நான்காவது: அவர்களைப் பிரித்தது என் கார்டு இல்லை. வாடிக்கையாளர்கள் முன்னால் பெரியப்பா என் அப்பாவைப் பார்த்து, "உம் பொண்ணு பண்ணின தப்புக்கு எம் பொண்ணு அசிங்கப்படணுமா?" என்று கேட்டார். என் அப்பா, "படிச்சுப் பாக்காம வாயத் திறந்தது யாரு?" என்றார். பதினெட்டு வருடம் ஒரே மெஷினுக்கு இருபுறமும் நின்றவர்கள். நாம் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர்கள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள். அப்பா இப்போது ஒரு அச்சகத்தில் அடுத்தவர்களுக்குக் கீழே வேலை பார்க்கிறார். பழி உங்கள் தலையில் மட்டும் என்று எழுத உனக்குக் கை கூசவில்லை.

என் செய்தி. இந்தப் பள்ளியில் இருவர் அணி கிடையாது, ஒற்றையர் போட்டிதான். இரண்டு மாதத்துக்கு ஒரு தலைப்பு. எது நியாயம், எது அநியாயம் என்பதை மனிதர்கள் பேசுகிற வேகத்தில் பேசலாம். பெட்டி தூக்க வேண்டாம், ஜோடி வேண்டாம். முக்கியமாக ஜோடி வேண்டாம். நடுவர்களாகப் பொதுமக்களை உட்கார வைக்கும் போட்டி ஒன்றும் உண்டு. போன வாரம் பள்ளி பஸ் ஓட்டுநர் நடுவர். "இந்தப் பொண்ணு பேசினது எனக்குப் புரிஞ்சுது, அதனால இதுக்கே போடுறேன்" என்று எனக்கு வெற்றி கொடுத்தார். நீ பேசியிருந்தால் அவருக்குத் தலை சுற்றியிருக்கும்.

ஒரு வரியும் எழுதுவதாக இல்லை.

கத்தரி

—

ஜூலை 8

கத்தரிக்கு,

உன் கடிதத்தை வழக்கம்போல மேசையில் விரித்து, பக்கத்தில் தாள் வைத்து, எந்த வாதத்துக்கு எந்தப் பதில் என்று கோடு போட்டுக் குறித்தேன். கடையில் நாம் கார்டு வேலை பார்ப்போமே, அந்தப் பழைய இஸ்திரி மேசைதான். நீ முழங்கை தேய்த்த இடத்தில் பெயின்ட் போயிருக்கிறது.

முதலாவதுக்குப் பதில் இருக்கிறது, சப்பைக்கட்டுதான், ஆனாலும் பதில். இரண்டாவதுக்கு இருக்கிறது. நான்காவதுக்கு ஒரு பக்கம் அழுதிருக்கிறாய். மூன்றாவது வாதத்துக்கு நேரே என் தாளில் வெறும் வெள்ளை.

இருவர் அணியோ ஒற்றையரோ, பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் தலைப்புக் கொடுத்துத் தாளே இல்லாமல் பேசச் சொல்லும் போட்டியோ, எந்த வகையானாலும் இந்த ஒரு விதி மாறாது. பதில் சொல்லாமல் விட்ட வாதம் ஒத்துக்கொண்ட வாதம். எதிராளி மறந்தாரா, பயந்தாரா, நேரம் போதவில்லையா என்றெல்லாம் நடுவர் பார்க்க மாட்டார். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான், என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் என்ற திமிரோடு.

அந்த வரியை எடுத்தது எந்தக் கை?

தேதி ஜூலை 8. உனக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ்

—

ஜூலை 27

எக்ஸ்பிரஸுக்கு,

மூன்று நாள் உன் கடிதத்தைத் திறந்து திறந்து மூடினேன். சரி, கேட்டுக்கொள்.

ஆம். அந்த வரியை எடுத்தது நான்தான். வரியின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு வைத்து மூடி, நம் கடை மெஷினில் நகல் எடுத்தேன். தடம் தெரியவில்லை. இதை என் சொந்த நினைவோடு, யாரும் கட்டாயப்படுத்தாமல் எழுதுகிறேன்.

ஆனால் எடுக்கச் சொன்னது நீ.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பெரியப்பா வங்கிக்குப் போயிருந்தார். அப்பா மெஷினுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். நீ உச்சரிப்புக்காகப் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு படித்துப் பழகிக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பத்தியை முழுதாக, 'ஆனால்' வரியோடு சேர்த்து, உனக்குப் படித்துக் காட்டினேன். "இது நமக்கு ஆகாது, விட்டுரலாம்" என்று சொன்னேன். நீ பேனாவை வாயிலிருந்து எடுத்தாய். "அந்த ஒரு வரியத் தூக்கிடு. அது இருந்தா கார்டு நமக்கே எதிரா நிக்கும். யாரு போய் அந்தப் புத்தகத்தத் தேடப் போறாங்க?" என்றாய். பேனாவை மறுபடி கடித்துக்கொண்டாய். அந்தப் பேனா நீல நிறம், மூடியில் பல் தடம் இருக்கும். இவ்வளவு எனக்கு நினைவிருக்கிறது.

நீ சொன்னாய் என்பதற்காக நான் செய்திருக்கக் கூடாது. என் கைக்கு நான் பொறுப்பு. ஆனால் உன் வாய்க்கு நீ பொறுப்பு.

சங்கத்துக்கு நான் எழுத வேண்டும் என்றால் எழுதுகிறேன். இரண்டையும் எழுதுவேன். வெட்டியது நான், வெட்டச் சொன்னது நீ. பாதியை எழுதித் தர மாட்டேன். சம்மதம் என்றால் ஒரு தபால் கார்டு போடு, அன்றே அனுப்புகிறேன்.

கத்தரி

—

ஆகஸ்ட் 12

கத்தரிக்கு,

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் விளையாட்டாகச் சொல்லியிருப்பேன். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசுகிறவள் என்று ஊருக்கே தெரியும். அதைக் கேட்டு நீ செய்தால் அது என் தப்பா? பேனாவின் நிறம்வரை ஜோடித்து எழுதியிருக்கிறாய். கதை கட்டுவது உனக்குக் கை வந்த கலை.

அப்பா நேற்று கேட்டார், "அந்தப் போர்டுலேருந்து உம் பேர எப்ப எடுப்பாங்க?" என்று. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேப்பரை எண்ண ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசும் அப்பா எனக்குப் புதுசு.

நீ சங்கத்துக்கு எதுவும் எழுத வேண்டாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எக்ஸ்பிரஸ்

—

செப்டம்பர் 20

எக்ஸ்பிரஸுக்கு,

'எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது' என்று நீ எழுதியதன் அர்த்தம் போன வாரம்தான் புரிந்தது. அதுவும் நல்ல இடத்தில் வைத்துப் புரிய வைத்தாய்.

ஒற்றையர் இறுதிச் சுற்றுக்கு நான் தேர்வாகியிருந்தேன். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது சங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. ஆறு மணி நேரப் பஸ் பயணம். வார்டன் துணைக்கு வந்தார். "என்னம்மா செஞ்சே, எங்கிட்டயாவது சொல்லு" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கே தெரியாதபோது அவரிடம் என்ன சொல்ல?

செயலாளர் ஒரு தாளை மேசையில் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. 'ஆம். அந்த வரியை எடுத்தது நான்தான்' என்று ஆரம்பிக்கிறது. 'யாரும் கட்டாயப்படுத்தாமல் எழுதுகிறேன்' என்பதோடு நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை, அடியில் மட்டும் 'கத்தரி'. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக முடி போல ஒரு கறுப்புக் கோடு. நம் கடை மெஷின் கண்ணாடியில் இருக்கும் கீறல். அந்தக் கோட்டைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எந்த மேசையில், எந்த மெஷினில், எந்த அகலத்துக்குத் துண்டு வெட்டி வைத்திருப்பாய் என்று எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

அந்தப் பொறியாளருக்கு நாம் செய்ததை நீ எனக்குச் செய்திருக்கிறாய். அவருடைய 'ஆனால்' போன இடத்துக்கே என்னுடைய 'ஆனால்' வரியும் போய்விட்டது.

"இது உன் கையெழுத்தா?" என்றார். "ஆமா" என்றேன்.

"கடிதம் இவ்வளவுதானா?" என்றார்.

நான் பேசவில்லை. அவர் இன்னொரு முறை கேட்டார். அப்போதும் பேசவில்லை. அவரும் ஒரு காலத்தில் விவாத மேடையில் நின்றவர்தான். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். பள்ளி முடியும்வரை எனக்குத் தடை. ஒற்றையர் இறுதிச் சுற்றில் என் இடத்துக்கு வேறு ஒருத்தியை அழைத்தார்கள். உன் தடை அன்றே நீங்கியது. உனக்குக் கடிதம் வந்திருக்கும்.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நீ யோசிக்கலாம். சொல்கிறேன், அதற்காக நெகிழ்ந்துவிடாதே. அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வருவதற்கு முன் வெட்கம் வந்தது. துண்டு வைக்கும் வித்தையை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். "கொஞ்சம் சாய்ச்சு வை, நிழல் விழாது" என்று உன் கையைப் பிடித்துக் காட்டினேன். பள்ளி விழா அழைப்பிதழில் தப்பான தேதியை மறைப்பதற்காக. அப்போது நாம் சிரித்தோம்.

இன்னொன்று. இனிமேல் நீ மேடையில் ஒவ்வொரு கார்டைப் படிக்கும்போதும் எதிரணி எழுந்து கேட்கும்: "இது முழு மேற்கோளா?" உன் கதை எல்லாருக்கும் தெரியும், கேட்காமல் விட மாட்டார்கள். நீ ஒவ்வொரு முறையும் "ஆமாம்" என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு வார்த்தை உன் வாயில் எப்படிக் கசக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே எனக்குப் போதும். அதற்காகத்தான் உனக்கு மேடையைத் திருப்பிக் கொடுத்தேன். தயவு என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி எழுதாதே.

கத்தரி

—

நவம்பர் 25

கத்தரிக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன், கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

நவம்பர் போட்டிக்குப் போனேன். புதிய ஜோடி மருந்துக் கடைக்காரரின் மகள். கெட்டிக்காரி. கார்டுகளை அழகாக அடுக்குவாள், கேட்டதற்கு மேல் பேச மாட்டாள், என்னைத் திட்ட மாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை.

நீ சொன்னது போலத்தான் நடந்தது. முதல் சுற்றிலேயே எதிரணி எழுந்து, "இது முழு மேற்கோளா?" என்று கேட்டது. "ஆமா" என்றேன். இரண்டாவது சுற்று, "ஆமா". மூன்றாவது, "ஆமா". நான்காவது சுற்றில் அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். எதுவும் பொய் இல்லை. எல்லாக் கார்டும் முழுசு, நானே புத்தகத்தை வைத்து வரி வரியாகச் சரி பார்த்திருந்தேன். இருந்தும் ஒவ்வொரு தடவையும் திருடியது போலத்தான் இருந்தது.

அரையிறுதி. கடைசி வரிசையில் செயலாளர் வந்து உட்கார்ந்தார். எதிரணிப் பெண் எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டாள்: "இது முழு மேற்கோளாங்க?" என் வாயில் வார்த்தை வரவில்லை. நிமிடத்துக்கு முந்நூறு வார்த்தை பேசுகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மருந்துக் கடைக்காரர் மகள் கீழே என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். டைமர் ஓடியது. பதினொரு வினாடி என்று பிறகு சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தன் தாளில் குறித்துக்கொண்டாள். நடுவர்களும் குறித்தார்கள். முழுசான, நேர்மையான ஒரு கார்டுக்காக நாங்கள் தோற்றோம். மருந்துக் கடைக்காரர் மகள் இன்றுவரை என்னோடு பேசவில்லை, பேசவும் வேண்டாம்.

உன் ஜூலைக் கடிதம் என் பையில் இருந்தது. இரண்டு மாதமாக அதிலேயேதான் இருந்தது, ஏன் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டு போய்ச் செயலாளர் மேசையில் முழுதாக விரித்து வைத்தேன். அவர் மேலிருந்து கீழ்வரை படித்தார். பேனா கடித்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவ உங்கிட்ட இத அனுப்பச் சொன்னாளா?" என்றார். "இல்ல, என்னை எழுதவே வேண்டாம்னுட்டா" என்றேன்.

எனக்குப் பள்ளி முடியும்வரை தடை. உன் தடையை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். வெட்டியது வெட்டியதுதான் என்றார். ஆகவே நான் போய்ச் சொன்னதில் உனக்குக் கால் காசு பிரயோஜனம் இல்லை. இப்போது நோட்டீஸ் போர்டில் நம் இரண்டு பேர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருக்கிறது. என் பெயர் மேலே இருக்கிறது. எரிச்சல்படுவாய் என்று தெரியும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவன்கிட்ட நான் கத்தினது..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. மறுநாள் சித்தப்பா நாற்காலியிலிருந்து பேப்பர் கட்டுகளை இறக்கிக் கீழே வைத்தார். போன் செய்யவில்லை. நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது.

இனி எண் போட்டே எழுதுகிறேன். எதற்குப் பதில் சொல்வது, எதை விடுவது என்பது உன் இஷ்டம். விதி உனக்குத் தெரியும்.

1. உன் கடிதத்தை வெட்டியது அசிங்கமான காரியம். அதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ பெரிய மனுஷி போல 'பரவாயில்லை' என்பாய், அதை என்னால் தாங்க முடியாது.

2. 'தூக்கிடு' என்று நான்தான் சொன்னேன். நீ எழுதிய பிறகு நினைவுக்கு வந்தது இல்லை. ஜூன் 9 அன்று உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே நினைவிருந்தது. பேனாவும் நீலம்தான்.

3. எனக்குக் கோப்பையும் வேண்டாம், போர்டில் பெயரும் வேண்டாம். பக்கத்தில் நீ உட்கார்ந்து என் தாளை எட்டிப் பார்த்து, "இங்க கோட்ட விட்டுட்ட, முண்டம்" என்று கிசுகிசுக்காமல் எனக்குப் பேசவே பிடிக்கவில்லை. நீ இல்லாமல் இந்த வீடு வீடாக இல்லை, அக்கா. உனக்கும் அங்கே அப்படித்தான் இருக்கிறது.

4. நம் நான்கு பெட்டிகளும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. அம்மா துடைப்பம் வைக்க இடமில்லை என்கிறாள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுவேன்.

எக்ஸ்பிரஸ்

—

டிசம்பர் 7

எக்ஸ்பிரஸுக்கு,

உன் கெடுவைத் தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. வார்டன் ஊருக்குப் போயிருந்ததால் உன் கடிதம் அவர் மேசையிலேயே கிடந்தது. வந்து படித்துவிட்டு, "இந்தத் தடவ கோர்ட் நோட்டீஸ் மாதிரி இல்ல" என்று கொடுத்தார். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஜலதோஷம்.

1. மன்னிப்பு நானும் கேட்கவில்லை. நீ கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். பெரிய மனுஷி வேஷம் எனக்குப் பொருந்தாது, அது உனக்கே தெரியும்.

2. ஜூன் மாதமே நினைவிருந்தது என்கிறாய். அப்படியானால் ஆகஸ்டில் என்னைக் கதை கட்டுகிறவள் என்று எழுதியபோதும் நினைவிருந்திருக்கிறது. நீ இவ்வளவு மோசமானவள் என்று நான்கூட நினைக்கவில்லை. அரையிறுதியில் பதினொரு வினாடி நின்றாய் என்பதில் எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். உன் பெயர் மேலே இருப்பது அகர வரிசையால்தான், தலைகால் புரியாமல் ஆடாதே.

4. பெட்டிகளைத் தொட்டால் கையை உடைப்பேன். அதில் பாதி என்னுடையது, எது பாதி என்று நான் வந்துதான் பிரிக்க முடியும். பெரியம்மாவிடம் துடைப்பத்தை வேறு எங்காவது வைக்கச் சொல். பதினெட்டாம் தேதி விடுமுறை, அப்பாவும் என்னோடு வருகிறார், பஸ் மாலை நான்கு மணிக்கு வந்து சேரும். மேசையைக் காலி செய்து வை.

கத்தரி